ஜான் ஹார்ட்ஃபீல்டின் ஒட்டுப்படங்கள்: ஒரு காகித வியாபாரியின் பார்வை

சென்ற ஆண்டு மலரில் நீலகேசியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் இருவர் சாவ்ரி பஜாரில் உள்ள என் காகிதக் கடைக்கே வந்து, இந்த முறையும் சமண இலக்கியம் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதத்தான் இருந்தேன். அதற்குள் வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது. அந்த வழக்கைத் தீர்க்கப் போய் நான் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. நீலகேசியும் இதில் வருவாள், கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

என் அண்ணன் மகள் அகமதாபாத்தில் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு தில்லி வந்தவள், தான் தங்கியிருந்த அறைச் சுவரில் ஒரு படத்தை ஒட்டினாள். நான்கு கோடாலிகளைச் சேர்த்து சுவஸ்திக வடிவமாக ஆக்கியிருக்கிறது. கோடாலிகளில் ரத்தம் சொட்டுகிறது. எதிர்ச் சுவரில் எங்கள் வீட்டு பூஜை அலமாரி. அதில் சுபார்சுவநாதர் படம். ஏழாம் தீர்த்தங்கரரான அவருக்கு இலாஞ்சனமே சுவஸ்திகம்தான்.

"சாமி பாக்குற இடத்துல இது என்னம்மா? எடுத்துடு" என்றாள் என் மனைவி.

"இது நம்ம சுவஸ்திகம் இல்ல சித்தி. ஹிட்லரோடது. படம் அவனுக்கு எதிரா போட்டது."

"யாருக்கு எதிரா போட்டா என்ன, ரத்தம் ரத்தம்தானே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வியாபாரி. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை. படத்தைப் போட்டது யார் என்று கேட்டேன். ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்றாள். அவரைப் பார்த்துத்தான் தனக்கு இந்தத் துறைக்கே வரத் தோன்றியதாம். "ஒரு நல்ல படம் ஆட்சியையே அசைக்கும் சித்தப்பா" என்றாள். "அசைச்சுதா?" என்று கேட்டேன். "நீங்களே படிச்சுப் பாருங்க" என்று கொண்டுவந்திருந்த புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதை முடித்துவிட்டு மாக்ஸ் முல்லர் பவன் நூலகத்துக்கும் நாலைந்து தரம் போனேன். ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் கிடைத்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். 1891இல் பெர்லினில் பிறந்தவர். தகப்பனார் சோஷலிச எழுத்தாளர். எழுதியதற்காகத் தெய்வ நிந்தனை வழக்கில் தண்டனை பெற்று, குடும்பத்தோடு நாட்டைவிட்டு ஓடினார். கடைசியில் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கம் ஐகன் என்ற ஊரில் ஒரு காட்டுக் குடிசையில் இருந்தார்கள். 1899இல் ஒருநாள் தாயும் தகப்பனும் நான்கு குழந்தைகளையும் அங்கேயே விட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். மூத்தவன் ஹெல்முட்டுக்கு வயது எட்டு. பிறர் எடுத்து வளர்த்தார்கள். பிற்காலத்தில் இவர் படங்களில் தெரியும் அந்தக் கோபத்துக்கு மார்க்ஸ் பாதி காரணம் என்றால் அந்தக் குடிசை பாதி காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புத்தகக் கடையில் வேலை பழகி, மியூனிக்கில் விளம்பரக் கலை படித்து, மன்ஹைம் நகரில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தார். அதாவது கடைக்காரர்களுக்கு லேபிளும் அட்டையும் போடும் தொழில். நம் பக்கத்து ஆள் என்று அப்போதே எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. முதல் உலகப் போர் மூண்டது. பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்கள். மூளை கலங்கியதுபோல் நடித்து வெளியே வந்தார். பெர்லினில் ஜனங்கள் "கடவுள் இங்கிலாந்தைத் தண்டிக்கட்டும்" என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்ட காலத்தில், 1916இல், தம் பெயரை வேண்டுமென்றே ஆங்கிலப் பெயராக மாற்றி ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஆனார். எந்தப் படத்துக்கும் முன்னால் அவர் செய்த முதல் அரசியல் டிசைன் அந்தப் பெயர்தான்.

அந்த நாட்களில் தபால்காரர் வேலையும் கொஞ்சம் பார்த்திருக்கிறார். பட்டுவாடா செய்யவேண்டிய கடிதங்களைச் சாக்கடையில் போட்டுவிட்டார், ஜனங்களுக்குப் போரின் மேல் வெறுப்பு வரட்டும் என்று, என ஒரு கதை உண்டு. எழுதுகிறவர்கள் எல்லாரும் இதை ரசித்து எழுதுகிறார்கள். எனக்கு ரசிக்கவில்லை. வந்தவாசிப் பக்கத்து கிராமத்திலிருந்து நான் 1981இல் தில்லிக்கு வந்தபோது, அம்மாவின் இன்லண்ட் லெட்டருக்காக மத்தியானம் மூன்று மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போர்முனைக்குப் பிள்ளையை அனுப்பியவளின் கடிதம் அந்தக் கட்டில் இருந்திருக்காதா? நோக்கம் நல்லது என்றால் வழி எப்படியும் இருக்கலாம் என்கிற பழக்கம் இந்த மனிதரிடம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. இதைப் பின்னால் திரும்பப் பார்ப்போம்.

நிற்க. ஜார்ஜ் கிரோஸ் என்ற ஓவியரைச் சந்தித்தபின், தாம் அதுவரை தீட்டிய ஓவியங்களை எரித்துவிட்டார். தூரிகைக்குப் பதில் கத்தரிக்கோல். போர்க்காலத்தில் தணிக்கை கடுமை. சொல்ல முடியாததைப் பத்திரிகை விளம்பரங்களிலிருந்து வெட்டிய துண்டுகளால் அஞ்சலட்டையில் ஒட்டி அனுப்பினோம், அதிலிருந்து பிறந்ததுதான் ஒட்டுப்படம் என்று இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஃபோட்டோமோன்டாஜ் என்று பெயர். இதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று வேறு சிலரும் உரிமை கொண்டாடினார்கள். அந்தப் பங்காளிச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம்.

தம்பி வீலாண்ட் 1917இல் மாலிக் பதிப்பகத்தைத் தொடங்கினார். அண்ணன் அட்டை போட்டார். அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் நாவல்களுக்கும் ரஷ்ய எழுத்தாளர்களின் நூல்களுக்கும் இவர் போட்ட மேலட்டைகளைப் பார்த்தேன். முன்பக்கம், முதுகு, பின்பக்கம் மூன்றும் சேர்ந்து ஒரே படமாக ஓடும். புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் கதை முடியும். இது இன்று சாதாரணம். அன்று புதிது. டுகோல்ஸ்கி என்ற பெரிய நையாண்டி எழுத்தாளர், தாம் தாமாக இல்லாவிட்டால் மாலிக் பதிப்பகத்தின் மேலட்டையாக இருக்க ஆசைப்பட்டதாகச் சொன்னாராம்.

1918 டிசம்பர் கடைசியில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோதே அதில் சேர்ந்துவிட்டார். 1928 தேர்தலுக்கு அவர் செய்த சுவரொட்டி ஒன்றே போதும், ஆளை எடைபோட. கட்சியின் பட்டியல் எண் 5. கரி படிந்த ஒரு தொழிலாளியின் கை, விரல்களை விரித்து நம் முகத்துக்கு நேராக வருகிறது. கைக்கு ஐந்து விரல், ஐந்தால் எதிரியைப் பிடி என்பது வாசகம். இதற்காக எத்தனையோ தொழிலாளிகளின் கைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்கள். வேறு எதுவும் கிடையாது, ஒரே ஒரு கை. எழுத்தறியாதவனுக்கும் எந்த எண் என்று தெரிந்துவிடும். நம் நாட்டில் தேர்தல் சின்னங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1930 முதல் 1938 வரை, 'தொழிலாளர் சித்திர இதழ்' என்று பொருள்படும் ஏ.ஐ.ஸெட். என்ற வாரப் பத்திரிகைக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டுப்படங்கள் செய்தார். இதன் அச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். டிசைன் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அது கிரேவியூர் அச்சு. செப்பு உருளையில் நுண்ணிய பள்ளங்களாகப் படத்தைப் பொறிப்பார்கள். பள்ளங்களில் மையை நிரப்பி, மேலே ஒட்டியதைத் தகடால் வழித்துவிட்டுத் தாளில் இறக்குவார்கள். ஆழமான பள்ளத்தில் மை அதிகம், நிழல் கனக்கும். ஆழமில்லாத இடத்தில் நிழல் புகைபோல் இருக்கும். இல்லஸ்டிரேட்டட் வீக்லி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிழல் ஞாபகம் இருக்கலாம். இந்த அச்சில் வெட்டிய ஓரமும் ஒட்டிய தழும்பும் கரைந்துபோகும். நான்கு இடத்துப் படங்கள் ஒரே இடத்தில் எடுத்த ஒரே புகைப்படம் ஆகிவிடும். இவர் கேமரா பிடித்தவரல்ல. புகைப்படம் எடுக்க ஒருவர், திருத்த ஒருவர் என்று ஆள் வைத்து, இங்கே நில், வெளிச்சம் இப்படி விழட்டும் என்று உயிரை வாங்குவாராம். 1929இல் ஸ்டுட்கார்ட் கண்காட்சியில் தம் படங்கள் இருந்த அறையில், புகைப்படத்தை ஆயுதமாகப் பயன்படுத்து என்று எழுதி வைத்தார். ஆயுதம் என்ற சொல் என் காதுக்கு உறுத்துகிறது. இருந்தாலும் ஆள் சாகாத ஆயுதம் என்று ஒருபக்கம் சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். 1935இல் வந்தது 'ஹுர்ரா, வெண்ணெய் தீர்ந்தது'. கோரிங் ஹாம்பர்க் நகரில் பேசினார்: இரும்புதான் ஒரு ராஜ்யத்தை வலிமையாக்கும், வெண்ணெயும் கொழுப்பும் ஜனங்களைப் பருமனாக்குவதோடு சரி, என்ற பொருளில். ஹார்ட்ஃபீல்ட் அந்தப் பேச்சை அப்படியே படத்துக்குக் கீழே போட்டார். மேலே ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இரும்புச் சாமான்களைத் தின்கிறது. குழந்தை கோடாலியைக் கடிக்கிறது. நாய்க்கு ஒரு பெரிய மரையாணி. சுவரில் ஹிட்லர் படம். சுவர்க் காகிதம் பூராவும் கொக்கிச் சிலுவை. நான் இதை என் மனைவியிடம் காட்டினேன். கோரிங் யார், ஹாம்பர்க் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. "குழந்தை பல்லு உடைஞ்சிடாதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு கொஞ்சநேரம் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் என்ன நடந்தது என்பதை அந்தப் பல் கேள்வி சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தில் ஹார்ட்ஃபீல்ட் தம் சொந்தக் கருத்து என்று எதையும் சேர்க்கவில்லை. எதிராளி சொன்னதை நம்பி, அதன்படி ஒரு வேளை சாப்பிட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

1933இல் செய்த படம் இன்னொன்று. ஜெர்மன் திருச்சபையை அரசின் கீழ்க் கொண்டுவரப் பார்த்தார்கள். படத்தில், சிலுவை சுமக்கும் ஏசுநாதரின் சிலுவை முனைகளில் ஒரு நாஜிப் படைக்காரன் பலகைத் துண்டுகளை வைத்து ஆணி அடிக்கிறான். சிலுவை கொக்கிச் சிலுவையாக மாறுகிறது. அந்தச் சிலுவையின் பாரம் போதவில்லை என்பது தலைப்பு. இதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். நாங்கள் கோயிலில் அரிசியால் சுவஸ்திகம் இடுகிறோம். நான்கு கரம் நான்கு கதி: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று புள்ளி மும்மணிகள். அதற்கும் மேலே பிறையும் புள்ளியும், வீடுபேறு. கதி சுழற்சியிலிருந்து வெளியே போகும் வழியைக் காட்டும் குறி அது. அந்த வடிவத்தை எடுத்துச் சாய்த்து நிறுத்தி ஒருவன் நரகத்துக்கு வழிகாட்டினான். நமக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆணியால் இரண்டு சமயத்தாரின் குறியையும் அடிக்கிறான் அந்தப் படைக்காரன். ஹார்ட்ஃபீல்டுக்கு நம் சுவஸ்திகம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே நம் வழக்கையும் சேர்த்து நடத்தியிருக்கிறார்.

கோடாலிப் படம் 1934. 'ரத்தமும் இரும்பும்' என்பது பிஸ்மார்க் காலத்துச் சொல்லாட்சி. பழைய கோஷம் புது ராஜ்யத்தில் என்று போட்டு, அதைக் கோடாலிகளாக வரிசைப்படுத்திவிட்டார். இங்கேயும் எதிராளியின் பெருமைப் பேச்சுதான் மூலப்பொருள்.

இதுவரை அண்ணன் மகள் கட்சி. இனி என் கட்சி.

1932இல் இரண்டு புகழ்பெற்ற படங்கள். ஒன்றில் ஹிட்லர் வாய் பிளந்து பேசுகிறார். எக்ஸ்-ரே எடுத்ததுபோல் உள்ளே தெரிகிறது. முதுகெலும்பு பூராவும் நாணயங்கள். தங்கத்தை விழுங்கித் தகரத்தைப் பேசுகிறான் என்பது வாசகம். மற்றதில் ஹிட்லர் வணக்கம் சொல்லப் பின்னால் மடக்கிய கையில், முகம் தெரியாத ஒரு பெரிய மனிதர் நோட்டுக் கற்றையை வைக்கிறார். 'என் பின்னால் மில்லியன்கள் நிற்கின்றன' என்று சிலேடை. தொழில் நேர்த்தியில் இவற்றுக்கு மிஞ்சியது கிடையாது. உலகம் பூராவும் இன்றைக்கும் கார்ட்டூன்காரர்கள் இந்த இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

ஆனால் விஷயம் சரியா? ஹென்றி ஆஷ்பி டர்னர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1985இல் வெளியிட்ட நூலில், பெருந்தொழில் அதிபர்களின் காகிதங்களைப் புரட்டிக் கணக்குப் பார்த்திருக்கிறார். ஆட்சிக்கு வருமுன் நாஜிக் கட்சி பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவிலும் கூட்டங்களுக்கு விற்ற நுழைவுச் சீட்டிலும்தான் ஓடியது என்பது அவர் முடிவு. திஸ்ஸன் போல் சில முதலாளிகள் முன்பே கொடுத்தார்கள், இல்லை என்பதில்லை. பெரிய பணம் வந்து குவிந்தது 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமர் ஆனபிறகு, பிப்ரவரியில் அதிபர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். நன்கொடைப் புத்தகத்தோடு எத்தனையோ கட்சிக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். வியாபாரி ஜெயிக்கப் போகிறவன் யாரென்று தெரிந்தபிறகுதான் பெட்டியைத் திறப்பான்.

அந்தச் சிலேடையில் இன்னொரு மில்லியன் ஒளிந்திருந்தது. 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகளுக்கு விழுந்த ஓட்டு ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம், நூற்றுக்கு 37.3. அந்த ஜனங்கள் உண்மையிலேயே அந்த ஆளின் பின்னால் நின்றார்கள். வேலையில்லாதவன், கடன்பட்ட குடியானவன், என்னைப்போல் சின்னக் கடைக்காரன். முதலாளி பொம்மலாட்டம் ஆடுகிறான் என்று கட்சி சொன்னதைப் படமாக்கியதில் இவர்கள் படத்திலிருந்து விழுந்துவிட்டார்கள். தன் ஓட்டால் இது நடக்கிறது என்று உணரவேண்டியவன் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அவனை அது ஒன்றும் கேட்காது.

1930இல் செய்த படம் இதைவிட எனக்கு வருத்தம் தந்தது. ஒரு மனிதனின் தலை பூராவும் செய்தித்தாளால் சுற்றியிருக்கிறது, முட்டைக்கோஸ் மாதிரி. கண், காது, மூக்கு ஒன்றும் தெரியாது. முதலாளித்துவப் பத்திரிகை படிப்பவன் குருடும் செவிடும் ஆவான் என்று வாசகம். சுற்றிய தாள்களில் ஒன்று 'ஃபோர்வெர்ட்ஸ்'. அது முதலாளிப் பத்திரிகை அல்ல, சமூக ஜனநாயகக் கட்சியின் பத்திரிகை. அவர்களும் தொழிலாளர் கட்சிதான். கம்யூனிஸ்டுகள் அந்நாளில் அவர்களை நாஜிகளுக்குச் சமமான எதிரி என்றார்கள். சும்மா சொல்லவில்லை. 1929 மே தினத்தையொட்டிப் பெர்லினில் ஊர்வலத்தைத் தடுக்கப் போன போலீஸ் 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. போலீஸ் தலைவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அந்தக் காயம் பச்சையாக இருந்தது. இதையும் சொல்லாமல் ஹார்ட்ஃபீல்டைக் குறை சொன்னால் அநியாயம்.

ஆனாலும் கணக்கு கணக்குதான். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டினால் 221. மொத்தம் 584 இடம் உள்ள சபையில் அது பெரும்பான்மை ஆகாது. ஆனால் நாஜிகளைவிட 25 அதிகம். கூட்டத்தான் ஆளில்லை. மூன்றாம் மாதம் ஹிட்லர் ஆட்சி. அப்புறம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே முகாமில். பக்கத்து வீட்டுக்காரன் தலையில் காகிதம் சுற்றிக் காட்டிய அந்தக் கை, இருவரையும் ஒரே தாளில் ஒட்டியிருக்கக் கூடாதா?

இங்கேதான் நீலகேசி ஞாபகம் வருகிறாள். நீலகேசியும் கட்சி நூல்தான், மறுக்கவில்லை. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு எதிராக எழுந்தது. சமணப் பெண் ஒருத்தி ஊர் ஊராகப் போய், பௌத்தர் முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரோடும் வாதம் செய்து வெல்கிறாள். வெற்றி யாருக்கு என்பது முதல் பாட்டிலேயே தெரிந்ததுதான். ஆனால் எதிராளி பேசுவதற்கு அங்கே இடம் உண்டு. அவன் கொள்கை என்ன என்று எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு. பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நூலில் சமயதிவாகர வாமன முனிவர் உரையைப் படித்துப் பாருங்கள். குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இன்று கொஞ்சமாவது தெரிகிறதென்றால், அதை மறுக்க வந்த இந்த உரையும் அதற்கு ஒரு காரணம். எதிரியின் வார்த்தையை எதிரி காப்பாற்றி வைத்திருக்கிறார்.

ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதுவே முழுமை என்பது ஏகாந்தம் என்று நம் ஆசாரியர்கள் சொன்னார்கள். சுவரொட்டியில் அநேகாந்தவாதம் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒருவகையில் இப்படி, இன்னொருவகையில் அப்படி என்று போட்டால் நடந்து போகிறவன் நிற்கமாட்டான். அதனால் ஹார்ட்ஃபீல்டிடம் நான் கேட்பது அதுவல்ல. எதிராளியின் வார்த்தையை வெட்டி எடுத்தபோது அவர் கத்தரி தப்பவே இல்லை. வெண்ணெய், சிலுவை, கோடாலி மூன்றும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. தம் கட்சிக்காரன் எழுதிக் கொடுத்ததை வெட்டி ஒட்டியபோது படம் அழகாக வந்தது, ஆனால் பார்வை கெட்டது. பொம்மலாட்டப் படமும் முட்டைக்கோஸ் படமும் அப்படிப்பட்டவை. செர்கேய் திரெத்யாகோவ் என்ற சோவியத் எழுத்தாளர் இவருடைய நண்பர். இவரைப் பற்றி 1936இல் மாஸ்கோவில் தனி நூலே வெளியிட்டவர். அடுத்த ஆண்டே ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. அதைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட நான் புரட்டிய தொகுப்புகளில் இல்லை. இவர் தலையையும் ஏதோ ஒரு பத்திரிகை சுற்றியிருந்தது.

சரி, ஆட்சியை அசைத்ததா என்ற கேள்விக்கு வருவோம். 1933 ஏப்ரலில் நாஜிகள் வீடு புகுந்தபோது மாடியிலிருந்து குதித்து ஒளிந்து, மலைகளை நடந்தே கடந்து பிராக் போய்ச் சேர்ந்தார். ஆளோ ஐந்தடி சொச்சம்தான். அங்கிருந்து பத்திரிகை தொடர்ந்தது. பெர்லினில் சுமார் 5 லட்சம் பிரதி போனதாகச் சொல்லப்பட்ட பத்திரிகை, பிராகில் 12 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. எந்த ஜனங்களுக்காகப் படம் செய்தாரோ அவர்கள் கைக்கு அது எட்டவில்லை. ஆனால் 1934இல் பிராக் கண்காட்சி ஒன்றில் இவர் படங்கள் மாட்டியிருந்தபோது, ஜெர்மன் தூதர் எதிர்ப்புத் தெரிவித்துச் சிலவற்றை எடுக்க வைத்தார். இவர் உடனே அதையே படமாக்கினார்: எத்தனை படங்களை எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு நிஜம் கண்ணுக்குத் தெரியும் என்று. அதே ஆண்டு இவர் குடியுரிமையைப் பறித்தார்கள். இத்தனை ராணுவம் வைத்திருந்தவன் ஒட்டிய காகிதத்துக்குப் பயந்திருக்கிறான் என்பது மட்டும் உறுதி.

மீதிக் கதையைச் சுருக்குகிறேன். 1938இல் இங்கிலாந்துக்குத் தப்பினார். எந்த நாட்டை வெறுக்கமாட்டேன் என்று பெயரை மாற்றிக்கொண்டாரோ அந்த நாடு 1940இல் அவரை எதிரி நாட்டான் என்று முகாமில் அடைத்தது. உடம்பு கெட்டபின் விட்டார்கள். புத்தக அட்டை போட்டுப் பிழைத்தார். 1950இல் கிழக்கு ஜெர்மனி திரும்பினார். சொந்தக் கட்சி ஆட்சி. அங்கே, மேலை நாட்டில் இருந்துவிட்டு வந்தவன் என்று சந்தேகப்பட்டார்கள். ஒட்டுப்படம் உருவவாதம் என்று ஒதுக்கினார்கள். பிரெக்ட் போன்றவர்கள் வாதாடியபின் 1956இல்தான் கலைக் கழகத்தில் சேர்த்தார்கள். 1968இல் காலமானார். இன்று அவருடைய காகிதங்களைக் காப்பதும் பெர்லினில் உள்ள அதே கலைக் கழகம்தான். 2020இல் பெரிய கண்காட்சியும் வைத்தார்கள்.

இவ்வளவையும் அண்ணன் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் நான் ஆண்டைத் தப்பாகச் சொன்னதைத் திருத்தினாள். கடைசியில், "அசைக்கலைங்கறீங்க. அதுக்காக அவர் போடாம இருந்திருக்கணுமா?" என்றாள்.

"வெண்ணெயைப் போட்டிருக்கணும். முட்டைக்கோஸைப் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"போடும்போது எது எதுன்னு எப்படித் தெரியும் சித்தப்பா?"

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. கீழே டெம்போ வந்து மேப்லித்தோ ரிம் இறக்க ஆள் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

கோடாலிப் படத்தை அவளே அன்று சாயங்காலம் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். சித்திக்காகத்தான், நீங்கள் சொன்னதற்காக அல்ல என்றும் சொன்னாள். அதை நான் வாங்கிக் கடையில் சரக்கறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவள் படிப்பு முடிய ஒரு சுவரொட்டி வரிசை செய்யவேண்டுமாம். 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் கேட்டிருக்கிறாள். அசல் விலைக்குத் தருகிறேன், ஆனால் யாருடைய வார்த்தையைப் போடப் போகிறாய் என்று முன்கூட்டியே காட்டவேண்டும் என்றிருக்கிறேன். அசல் விலைக்கு இத்தனை கண்டிஷனா என்று அவள் அப்பாவிடம் போனில் புகார் போயிருக்கிறது.